பெல்ட் மாற்றிய ஞாயிறு

எங்கள் காரின் டைமிங் பெல்ட்டை நான்தான் மாற்றினேன் என்றால் பள்ளிக்கூடத்தில் இன்றைக்கும் பாதிப் பேர் நம்புவதில்லை. கணக்கு டீச்சர் சும்மா சொல்கிறாள் என்று சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அந்த நாளை நினைத்தால் சிரிப்பு வருவதில்லை.

தாமிரபரணி ஊருக்குள் புகுந்து வெளியேறிய மார்கழிக்கு அடுத்த தை மாதம் அது. பாளையங்கோட்டையில் எங்கள் தெரு மேடு என்பதால் தண்ணீர் வாசல் வரைகூட வரவில்லை. ஆற்றங்கரைப் பக்கம் இருந்த என் நாத்தனார் வீட்டில் சன்னல் உயரத்துக்கு நின்றது. வடிந்த பிறகு அங்கே சேறு அள்ளப் போன என் வீட்டுக்காரர் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டு வந்தார். முழங்கை வரை மாவுக்கட்டு. கார் ஓட்டுகிற வேலை முழுக்க என் பொறுப்பாயிற்று.

ஓட்டாமல் இருக்கவும் முடியாது. என் அக்கா வள்ளியூரில் தனியாக இருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளாதவள். தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து போனதால் திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் திருநெல்வேலிக்கு வந்து டயாலிசிஸ் செய்துகொண்டாக வேண்டும். எங்களோடு வந்து இரு என்று கூப்பிட்டு அலுத்துவிட்டோம். அவள் பிடி கொடுக்கவில்லை. முடிந்து திரும்பும்போது கால் தசை பிடித்து இழுக்கும், தலை சுற்றும், சில நாள் வாந்தி வரும். பஸ்ஸில் ஏற்ற முடியாது. நான் விடிவதற்குள் கிளம்பிப் போய் அவளை அழைத்து வந்து ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போவேன். சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் விடுவேன்.

வெள்ளத்தில் சாலை துண்டித்துக் கிடந்தபோது ஒரு முறை டயாலிசிஸ் தவறிப்போனது. முகமும் காலும் வீங்கி, நெஞ்சில் நீர் கோத்து, படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். எப்படியோ கொண்டுவந்து சேர்த்தோம். அந்த மூச்சுச் சத்தம் என் காதை விட்டுப் போகவே இல்லை. அதற்குப் பிறகு எனக்கு ஒரே பயம்தான். எந்த நாளும் கார் நின்றுவிடக் கூடாது.

கார் பழைய டீசல் கார். திசையன்விளையில் ஒரு வியாபாரியிடம் வாங்கியது. "பெல்ட்டெல்லாம் மாத்தியாச்சு அண்ணாச்சி. நீங்க ஒண்ணும் பாக்க வேண்டாம்" என்று அவர் சொன்னதை நம்பித்தான் ஓட்டிக்கொண்டிருந்தோம். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், கையைக் கட்டிக்கொண்டு வீட்டில் சும்மா இருக்க முடியாமல், என் வீட்டுக்காரர் பானெட்டைத் திறந்து இடது கையாலேயே பெல்ட்டின் மேல்மூடியைக் கழற்றியிருக்கிறார். உள்ளே இருந்த என்னைக் கூப்பிட்டார்.

"ஏளா, இங்கன வா. டார்ச் எடுத்துட்டு வா."

வெளிச்சம் அடித்துப் பார்த்தேன். பெல்ட்டின் முதுகு முழுக்கக் குறுக்கே கீறல். தேய்ந்த செருப்பின் அடிப்பக்கம் போல இருந்தது. ஓரத்தில் நூல் நூலாகப் பிரிந்து நின்றது.

"இது மாத்தின பெல்ட்டா?" என்றேன்.

"மாத்தியிருப்பான். எந்தக் காலத்துலன்னுதான் தெரியல."

"அறுந்தா வண்டி நின்னுருமா?"

அவர் மாவுக்கட்டின் மேல் இடது கையை மடக்கி வைத்துக் காட்டினார். என்ஜினுக்குள் பிஸ்டன் மேலே ஏறி வரும்போது வால்வுகள் விலகி நிற்க வேண்டும். கீழே பிஸ்டன்களோடு சேர்ந்து சுற்றும் கிராங்க்கையும் மேலே வால்வுகளைத் திறந்து மூடும் கேமையும் ஒரே கணக்கில் ஓட வைப்பது இந்தப் பல் வைத்த ரப்பர் பெல்ட்தான். ஓடும்போது அறுந்தால் வால்வுகள் திறந்தபடி நின்றுவிடும், பிஸ்டன் வந்து மோதும்.

"நிக்கது மட்டும் இல்ல. என்ஜினே போயிரும்" என்றார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அந்த பெல்ட்டோடுதான் வள்ளியூர் போய் வந்தேன். வேறு வழி இருக்கவில்லை. நான்குவழிச் சாலையில் நாங்குநேரி தாண்டியதும் காற்று காரைப் பக்கவாட்டில் தள்ளும். அந்த இடத்தில் லாரிகள் ஆரன் அடித்துக்கொண்டு என்னைக் கடந்துபோய்க்கொண்டே இருந்தன. நான் இடது ஓரமாகவே ஊர்ந்தேன். பின்சீட்டில் இருந்த அக்கா, "ஏட்டி, ஏன் இப்பிடிப் பைய போற? அங்கன மெஷின் எனக்காகக் காத்துக்கிட்டா இருக்கும்?" என்றாள். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் இனி நான் வரவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிடுவாள்.

பணிமனைகளில் கேட்டுப் பார்த்தாயிற்று. எங்கே போனாலும் வெள்ளத்தில் முங்கிய கார்கள் கதவைத் திறந்து போட்டபடி வரிசையாக நின்றன. சீட்டுகளைக் கழற்றி வெயிலில் காய வைத்திருந்தார்கள். மாதக் கடைசியில் வாருங்கள் என்றார்கள். நாங்கள் வழக்கமாக விடும் மெக்கானிக்கின் கடையே தண்ணீருக்குள் போயிருந்தது.

"நாமளே மாத்திருவோம்" என்றார் இவர்.

"நாமன்னா யாரு?"

"நான் சொல்லுதேன். நீ செய்யி."

ஆயில் மாற்றுவது, பிரேக் கட்டை மாற்றுவது எல்லாம் அவரே செய்வார். எங்கள் முந்தைய காருக்கு ஒரு மெக்கானிக்கோடு நின்று டைமிங் பெல்ட் மாற்றியும் இருக்கிறார். நான் அதுவரை அவருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்ததோடு சரி. அன்று ராத்திரி சாப்பாட்டு மேசையில் பெரிய சண்டையே நடந்தது. தப்பாகப் போனால் திங்கட்கிழமை அக்காவை யார் கொண்டுவருவது என்று நான் கத்தினேன். மாற்றாமல் போய் நடுவழியில் அறுந்தால் யார் கொண்டுவருவது என்று அவர் கேட்டார். சனிக்கிழமை புது பெல்ட்டும், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் உருளையும் வாங்கி வந்தார். இதே என்ஜினுக்கு யாரோ இந்தியில் பேசிப் போட்டிருந்த வீடியோவை மறுபடி மறுபடி பார்த்தோம். பேசியது புரியவில்லை. கையை மட்டும் பார்த்துக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை சர்ச் ஆராதனைக்குக் கோயில் மணி அடிக்கும்போது நான் இவருடைய பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு காருக்கடியில் பாயை விரித்துக்கொண்டிருந்தேன். முன்பக்க வலது சக்கரத்தைக் கழற்றி, ஸ்டாண்டு கொடுத்து நிறுத்தினோம். பக்கத்து வீட்டு அக்காள் கோயிலுக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தார். அவர் கணவர் வாழைத்தார் வியாபாரி. சொந்தமாக லோடு வேன் வைத்திருப்பவர்.

"என்ன டீச்சர், கோயிலுக்கு வரலியா? காரப் போட்டு என்ன பண்ணுதீங்க?"

"சின்ன வேலைதான். அண்ணாச்சி வரலியா கோயிலுக்கு?"

"அவங்க எங்க வாறாங்க? விடியக்காலமே வள்ளியூருக்குத் தார் ஏத்திட்டுப் போயாச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதல் மல்லுக்கட்டே கிராங்க் போல்ட்டோடுதான். கிராங்க்கின் முனையில், வெளியே ஓடும் பக்கத்து பெல்ட்டின் புல்லியைப் பிடித்துக்கொண்டிருக்கும் பெரிய போல்ட் அது. என்ஜின் கூடவே சுற்றாமல் இருக்க ஐந்தாவது கியரில் போட்டு, இவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துக்கொண்டார். நான் இழுத்தேன். அசையவில்லை. ஸ்பேனரின் பிடியில் ஒரு இரும்புக் குழாயைச் சொருகி நீளமாக்கி அதன்மேல் ஏறி நின்றேன். கார் மொத்தமும் ஸ்டாண்டின் மேல் கிறீச்சிட்டது.

"இறங்கிரு! சாஞ்சிரும்!" என்று உள்ளேயிருந்து கத்தினார்.

இறங்கினேன். ஸ்டாண்டை இன்னும் உள்ளே தள்ளி வைத்தேன். போல்ட்டைச் சுற்றி எண்ணெய் விட்டுக் கொஞ்ச நேரம் ஊறவிட்டோம். மறுபடி குழாயைப் பிடித்து, ஏறாமல், முதுகைக் காருக்குக் கொடுத்துக் காலால் உந்தினேன். எலும்பு முறிவது போல ஒரு சத்தம். என்னவோ உடைந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். போல்ட் கழன்றிருந்தது.

அதற்குப் பிறகு சுலபமாகப் போனது. கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, பக்கத்து பெல்ட்டையும் புல்லியையும் மூடிகளையும் எடுத்தோம். என்ஜினைக் கையால் சுற்றி, டைமிங் பெல்ட் ஓடும் பல்சக்கரங்களான கேமின் மேல் கியரையும் கிராங்க்கின் கீழ் கியரையும் வீடியோவில் பார்த்தபடி சரியான நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்தினோம். பரீட்சைத்தாளில் பிழை திருத்துகிற ஒயிட்னரை எடுத்து, கியர்ப் பல்லிலும் அதற்கு நேரே என்ஜின் உடம்பிலும் புள்ளி வைத்தேன். புது பெல்ட்டை மாட்டும்போது புள்ளிக்குப் புள்ளி நேராக இருந்தால் போதும். என்ஜின் அடியில் பலகை வைத்து ஜாக்கியால் தாங்கிவிட்டு, மேலே அதைப் பிடித்திருந்த மவுண்டைக் கழற்றினேன். என்ஜின் இப்போது ஒரு ஜாக்கியின் மேல் நின்றது.

டென்ஷனரைத் தளர்த்தியதும் பழைய பெல்ட் தொளதொளத்தது. பக்கவாட்டில் உருவினேன். வந்துவிட்டது. அதே நொடியில் மேல் கியர் 'டக்'கென்று தானாகத் துள்ளி நகர்ந்தது. வால்வு ஸ்பிரிங் தள்ளிவிட்டிருக்கிறது. நான் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

"ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றார் இவர். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. "ஸ்பேனர் போட்டுப் பைய திருப்பு. புள்ளிக்குக் கொண்டு வா."

மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்பினேன். மயிரிழை மயிரிழையாக வந்து, புள்ளி நேரானது. அப்போதுதான் என் போன் அடித்தது. அக்கா.

எண்ணெய்க் கையோடு எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"என்ன செய்யுத?" என்றாள். பிறகு ஒரு இடைவெளி. "சும்மாதான்... கூப்பிட்டேன்."

ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே அவள் மூச்சு வாங்குவது கேட்டது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

"அக்கா, படுத்திருக்கியா உக்காந்திருக்கியா?"

"உக்காந்துதான்... இருக்கேன். நேத்து இங்கன ஒரு வளைகாப்பு. பாயாசம் கொஞ்சம்... குடிச்சிட்டேன். ரசமும்... நாளைக்குத்தான... வரணும். தாங்கிரும்."

வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவேதான் இடைவெளி அதிகம். அந்த இரண்டு நாளும் தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும். மாணவிகளை ஒரு பார்வையில் அடக்கியவள், பாயாசத்தில் தோற்றுப்போவாள்.

"108-க்குப் போடச் சொல்லுதேன் அக்கா."

"போடாத. சைரன் அடிச்சி என்னத் தூக்கிட்டுப் போனா... தெருவே வாசல்ல வந்து நிக்கும். நீ வா. நீ வந்தா... வாறேன்."

நான் காரைப் பார்த்தேன். சக்கரம் ஒரு பக்கம், புல்லி ஒரு பக்கம், பழைய பெல்ட் தரையில். வேறு வழியில்லாமல் சொன்னேன்.

"அக்கா, கார் பிரிச்சுக் கெடக்கு. பெல்ட் மாத்திக்கிட்டிருக்கேன்."

"யாரு... நீயா?"

"நான்தான்."

"அப்ப... ஒழுங்கா... மாட்டு. அவசரப்படாத" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

இவர் தன் போனை இடது கையால் தட்டிக்கொண்டே, "வாழைத்தார் அண்ணாச்சி வள்ளியூர்லதான இருக்காரு?" என்றார். எனக்கு அது தோன்றவே இல்லை. போட்டார். அண்ணாச்சி மார்க்கெட்டில் தார் இறக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும், "மிச்சத்தைப் பையன் இறக்கட்டும். வீடு எங்கன, அத மட்டும் சொல்லுங்க" என்றார். சொன்னோம். இவர் அடுத்து ஆஸ்பத்திரிக்குப் பேசி, இன்றைக்கே மெஷினில் போட வேண்டியிருக்கும் என்று தெரிவித்தார். நான் அக்காவைக் கூப்பிட்டு, சைரன் இல்லாமல் ஒருவர் வருகிறார், மறுபேச்சுப் பேசாமல் ஏறு என்றேன். அவளை நான் அதட்டியது அதுதான் முதல் தடவை. அவள் சரி என்றாள். அது எனக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது.

அவள் வந்து சேருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று என் கை ஓட ஆரம்பித்தது. அதுதான் தப்பு. புது டென்ஷனரை மாட்டினேன். கீழ் கியரில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது. மண்ணெண்ணெய்த் துணியால் அழுத்தித் துடைத்துவிட்டுப் பார்த்தால், அதன் வெள்ளைப் புள்ளி என்ஜின் உடம்பிலிருந்த புள்ளிக்கு நேராக இல்லை. கொஞ்சம் தள்ளி நின்றது.

"கீழ் கியரும் நகந்திருக்கு பாத்தீங்களா" என்றேன்.

அவர் குனிந்து பார்த்தார். "மேல உள்ளது துள்ளினாப்புல இதுவும் நகந்திருக்கும். கொண்டு வா."

கொண்டுவந்தேன். பெல்ட்டைக் கீழிருந்து மேலாகப் பல்லில் பல் உட்கார வைத்து மாட்டி, டென்ஷனரை இறுக்கினேன். இனி என்ஜினைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும். தடங்கல் இல்லாமல் சுற்றிப் புள்ளிகள் பழைய இடத்துக்கே வந்தால் சரி. அதற்கு முன்னால் சாவியைத் தொடக்கூடாது.

கிராங்க்கில் ஸ்பேனரைப் போட்டுச் சுற்றினேன். பாதிச் சுற்று வந்திருக்கும். நின்றுவிட்டது.

"கம்ப்ரஷன்" என்றார். "டீசல் என்ஜின்லா? அப்படித்தான் முறுக்கும். அழுத்திச் சுத்து."

காலையில் புள்ளி வைக்கிறதற்காக இதே என்ஜினை நான் சுற்றியிருந்தேன். உள்ளே காற்று அமுங்கும்போது கைக்கு ஒரு கனம் தெரியும். ஆனால் அது இடம் கொடுத்துக்கொண்டே இருக்கும். பிடித்துக்கொண்டு நின்றால் மெல்ல மெல்ல விட்டுக் கொடுக்கும். இது அப்படி இல்லை. சுவரில் போய் முட்டியது போல இருந்தது.

"இது காத்து இல்ல. எதோ இடிக்குது."

"எனக்குத் தெரியாதா? கொஞ்சம் அழுத்தினா தாண்டிரும்."

"அழுத்த மாட்டேன்."

"நேரம் போகுதுளா! குடு இங்க." அவர் என்னைத் தள்ளிவிட்டு இடது கையால் ஸ்பேனரைப் பிடித்தார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிற குடித்தனத்தில் நாங்கள் ஒருவர் கையை ஒருவர் அப்படிப் பிடித்ததே இல்லை.

"உங்களுக்கு இந்தக் கையில பாதிப் பலந்தான் இருக்கு. அதனால என்ன சொல்லுதுன்னு உங்க கைக்குத் தெரியாது. என் கைக்குத் தெரியுது. வால்வுல முட்டுது. வளைஞ்சா நாளைக்குக் கார் இல்ல."

அவர் விடவில்லை. நானும் விடவில்லை. அவர் கண் சிவந்திருந்தது. கோபமா, வலியா, தன்னால் முடியவில்லை என்பதா, எனக்குத் தெரியவில்லை. கடைசியில் ஸ்பேனரை விட்டார்.

அவர் போன் அடித்தது. வாழைத்தார் அண்ணாச்சி. அக்காவை ஏற்றிக்கொண்டு நாங்குநேரி தாண்டிவிட்டாராம். "தாயி பேசத்தான் மாட்டேங்காங்க. சாய்ஞ்சு உக்காந்திருக்காங்க. நேரா ஆஸ்பத்திரிக்கு விட்டுருதேன். யாராவது வந்து நில்லுங்க."

நான் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். போனில் அக்காவின் குரல் கேட்டது. வண்டிச் சத்தத்துக்கு மேல், ஒவ்வொரு சொல்லாக. "அவள... வரச் சொல்லாதீங்க. வந்து... என்ன செய்யப் போறா. மெஷின்தான... செய்யுது. மாப்பிள... வந்தாப் போதும். அவ... கார மாட்டட்டும்."

இவர் என்னைப் பார்த்தார். பழைய வழக்கத்தில் நான் தலைமை ஆசிரியைக்குக் கீழ்ப்படிந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். இவர் சட்டையை மாற்றிக்கொண்டு, நான் பொத்தான் போட்டுவிட, ஆட்டோ பிடித்துப் போனார். வாசலில் நின்று, "அழுத்தாத" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நான் மட்டும் தனியாக அந்தக் காரோடு இருந்தேன். தெருவில் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு வாசனை. அழ வேண்டும் போல இருந்தது. அழவும் நேரமில்லை.

சுற்றின பாதிச் சுற்றைப் பின்னுக்குத் திருப்பிவிட்டு, பெல்ட்டைத் தளர்த்தி மறுபடி உருவினேன். பிறகு பாயில் குப்புறப் படுத்துக் கீழ் கியரையே பார்த்தேன். பரீட்சைத்தாளில் விடை தப்பாக வந்தால், எந்த வரியில் வழுக்கினாய் என்று பிள்ளைகளிடம் கேட்பேன். எந்த வரியில்? என் முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடியைக் கொண்டுவந்து, டார்ச்சை அதில் அடித்துக் கியரின் மறுபக்கத்தைப் பார்த்தேன். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் பிசுக்கைச் சுரண்டினேன். வெள்ளைப் புள்ளி இருந்த பல்லுக்கு இரண்டு பல் தள்ளி, இரும்பிலேயே குழிந்த ஒரு சின்னப் புள்ளி தெரிந்தது. கம்பெனி வைத்த அடையாளம். என்ஜின் உடம்பிலும் அதற்கு ஜோடியாக ஒரு கோடு இருந்திருக்கிறது, அழுக்குக்குள்.

அப்போது புரிந்தது. காலையில் நான் வைத்த ஒயிட்னர் வழிந்து இரண்டு பல் தள்ளி ஒரு துளி சொட்டியிருக்கிறது. மண்ணெண்ணெய்த் துணியால் அழுத்தித் துடைத்தபோது உண்மையான புள்ளி போய்விட்டது. சொட்டு மட்டும் மிஞ்சிவிட்டது. கீழ் கியர் நகரவே இல்லை. சரியான இடத்தில் இருந்ததை நாங்கள்தான் நகர்த்தித் தப்பாக்கியிருக்கிறோம்.

ஆனால் முட்டியபோது வால்வு வளைந்திருந்தால்? அதை எந்தக் கண்ணாடியிலும் பார்க்க முடியாது.

கியர்களைப் பின்னுக்குத் திருப்பி, குழிந்த புள்ளிக்கும் கோட்டுக்கும் நேராக வைத்தேன். இந்த முறை ஒயிட்னர் இல்லை. இரும்பு அடையாளத்தை மட்டும் பார்த்தேன். பெல்ட்டை மாட்டி, டென்ஷனரின் முள் அதற்குரிய பள்ளத்துக்கு வரும் வரை இறுக்கினேன். ஸ்பேனரைப் போட்டேன். இவரிடமிருந்து போன் வருமா என்று ஒரு காது அங்கேயே இருந்தது. வரவில்லை.

சுற்றினேன். பாதிச் சுற்றில் கனம் வந்தது. நின்றேன். பிடித்துக்கொண்டே காத்திருந்தேன். மெல்ல, உஸ்ஸென்று ஒரு மூச்சு விட்டது என்ஜின். ஸ்பேனர் இடம் கொடுத்தது. முதல் சுற்று. மறுபடி கனம், மறுபடி காத்திருப்பு. இரண்டாவது சுற்று. கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தேன். கீழே புள்ளிக்குக் கோடு. மேலே புள்ளிக்குக் கோடு. நம்பாமல் இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றினேன். அதேதான்.

மவுண்ட், மூடிகள், புல்லி, பக்கத்து பெல்ட், சக்கரம் என்று மாட்டி முடிக்கும்போது வெயில் சாய்ந்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்காள் வந்து, கிராங்க் போல்ட்டை நான் இறுக்க, பிரேக்கை மிதித்துக்கொண்டு உட்கார்ந்தார். வேனில் ஏறும்போது எங்கள் அக்கா அண்ணாச்சியிடம், "சீட்டத் தொடைங்க, வாழைக்கறை சேலையில பட்டா போகாது" என்று சொன்னதாகச் சொன்னார். அந்த நிலைமையிலும்! எனக்கு அன்று முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. சிரிப்பில் கண்ணீரும் வந்துவிட்டது.

ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து சாவியைப் பிடித்தேன். "ஆண்டவரே" என்று பக்கத்து வீட்டு அக்காள் வெளியே நின்று சொன்னார். திருப்பினேன்.

ஸ்டார்ட்டர் சுற்றியது. சுற்றியது. என்ஜின் பிடிக்கவில்லை. நிறுத்தினேன். வால்வு வளைந்துவிட்டது என்று முடிவே செய்துவிட்டேன். இன்னொரு முறை திருப்பினேன். ஒரு குலுக்கு, பின்னால் ஒரு கரும்புகை, பிறகு என்ஜின் பிடித்துக்கொண்டது. முதலில் தடுமாறி, ஒரு நிமிஷத்தில் சீராகி, பழையபடி கரகரவென்று ஓடியது. தட்டும் சத்தம் இல்லை. நான் ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன்.

தெருவில் இரண்டு தடவை போய் வந்துவிட்டு, இறங்கிச் சக்கர நட்டுகளை இன்னொரு முறை இறுக்கிவிட்டு, ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனேன். டயாலிசிஸ் அறை வாசலில் இவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். "மூச்சுத் திணறல் இறங்கிட்டு. இப்ப நல்லாருக்காங்க" என்றார். பிறகுதான், "எதுல வந்த?" என்று கேட்டார்.

"கார்ல."

அவர் என் கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். நகக்கண்ணெல்லாம் கறுப்பு, விரல் கணுவில் ரத்தம் உறைந்திருந்தது. ஒயிட்னர் சொட்டின கதையைச் சொன்னேன். "நல்லவேளை நான் அழுத்தல" என்றார். அவர் அழுத்தத்தான் பார்த்தார் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அவரே, "நீ பிடிச்சதும் நல்லதுக்குத்தான்" என்றார்.

உள்ளே அக்கா கண்ணை மூடிக் கிடந்தாள். முகத்து வீக்கம் வடிந்து, அவள் ஜாடை திரும்பியிருந்தது. ரத்தம் குழாய் வழியாகப் போய் வந்துகொண்டிருந்தது. நான் கட்டில் பக்கம் நின்றதும் மண்ணெண்ணெய் நாற்றத்தில் கண்ணைத் திறந்தாள்.

"ஓடுதா?" என்றாள்.

"ஓடுது அக்கா."

"இப்பிடியேவா வந்த? கைய சோப்புப் போட்டுக் கழுவிட்டு வா. இது ஆஸ்பத்திரி."

ஒரே மூச்சில் சொன்னாள், நடுவில் நிற்காமல். நான் கை கழுவப் போனேன்.

அன்று ராத்திரி அவளை எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்தோம். இரண்டு நாள் இருந்துவிட்டு, புதன்கிழமை டயாலிசிஸ் முடிந்ததும் வள்ளியூருக்கே போக வேண்டும் என்று நின்றாள். போனோம். நாங்குநேரி தாண்டியதும் காற்று வழக்கம்போல் காரைத் தள்ளியது. நான் காதைத் தீட்டிக்கொண்டு என்ஜினையே கேட்டுக்கொண்டிருந்தேன். வண்டியின் ஒவ்வொரு கிறீச்சும் புதிதாகத் தெரிந்தது. பின்சீட்டில் அக்கா தூங்கிவிட்டாள். இடது ஓரத்தை விட்டு வலப்பக்கம் வந்து, முன்னால் ஊர்ந்துகொண்டிருந்த ஒரு லாரியைத் தாண்டினேன்.